டபுள் டை காயின்: லட்சக்கணக்கில் விலையா? முதல்ல அந்த ‘எஸ்’ எழுத்தைப் பாருங்க!



போன மாசம் நம்ம சேனலுக்கு ஒரு தம்பி மெசேஜ் அனுப்பியிருந்தார். சென்னையில் ஐடி வேலை, சேர்ந்து இரண்டு வருஷம் ஆகுது. “அண்ணா, ஆன்லைன்ல ஒரு காயின் வாங்கிட்டேன். 18,500 ரூபாய். அமெரிக்கா 1 சென்ட், 1969-எஸ், டபுள் டை. இதோட ஒரிஜினல் விலை 20 லட்சத்துக்கு மேலன்னு ஒரு வீடியோல பார்த்தேன். நல்ல முதலீடுதானே?” என்று கேட்டிருந்தார். கூடவே நாலு போட்டோ. கடைசியாக ஒரு வரி: “பிடிக்கலைன்னா 7 நாளுக்குள்ள ரிட்டர்ன் பண்ணலாமாம். இன்னைக்கு அஞ்சாவது நாள்.”

பணம் எங்கிருந்து எடுத்தீங்க என்று கேட்டேன். எமர்ஜென்சி ஃபண்டுக்காகச் சேர்த்து வைத்திருந்த ரெக்கரிங் டெபாசிட்டை உடைத்து எடுத்திருக்கிறார். அதனால் பதில் சொல்ல நான் அடுத்த நாள் வரை காத்திருக்கவில்லை. அன்று ராத்திரியே அந்த நாலு போட்டோவையும் பெரிதாக்கிப் பார்த்தேன்.

அதில் என்ன தெரிந்தது என்பதைக் கடைசியில் சொல்கிறேன். அதுக்கு முன்னாடி, டபுள் டை என்றால் என்ன, எப்படிக் கண்டுபிடிப்பது என்பது உங்களுக்கும் தெரியணும். இது தெரிந்தால் ஒரு போட்டோவைப் பார்த்து நீங்களே தீர்ப்பு சொல்லிடலாம்.

முதலில் ஒரு நல்ல செய்தி: டபுள் டை என்பது கட்டுக்கதை இல்லை

1969-எஸ் டபுள் டை சென்ட் உண்மையிலேயே இருக்கு. நல்ல நிலையில் இருந்த ஒன்று 2008 ஜனவரியில் அமெரிக்க ஏலத்தில் 1,26,500 டாலருக்குப் போனது. அது ஏதோ அரண்மனைப் பெட்டகத்தில் கிடந்த காயின் இல்லை. முந்தின வருஷம்தான், பிரிக்காமல் கிடந்த ஒரு சென்ட் ரோலில் ஒருத்தர் கண்டெடுத்தார்.

இதேபோல் 1955 சென்ட். அந்த வருஷம் பிலடெல்ஃபியா நாணயச் சாலையில் ஒரு ராத்திரி ஷிஃப்ட்டில், கோளாறான ஒரு டையை வைத்து ஓட்டியிருக்கிறார்கள். கவனிப்பதற்குள் சுமார் 40,000 காயின் அடித்தாகிவிட்டது. அதில் 20,000-க்கு மேல் நல்ல காயின்களோடு கலந்துவிட்டன. ஒரு சென்ட் காயினுக்காக இத்தனையையும் உருக்குவதா என்று அப்படியே வெளியே விட்டுவிட்டார்கள். சிகரெட் மெஷினில் 25 சென்ட் போட்டால் 23 சென்ட் பாக்கெட் வரும். மீதி 2 சென்ட்டை பாக்கெட்டின் கண்ணாடித்தாளுக்குள்ளேயே வைத்திருப்பார்கள். அந்தச் சில்லறையில்தான் நிறைய பேர் கைக்கு இந்தக் காயின் வந்தது. இன்றைக்குத் தேய்ந்துபோன 1955 டபுள் டைக்குக்கூட ஆயிரம் டாலர் வரிசையில் விலை இருக்கு.

அப்போ எல்லா ‘டபுள்’ காயினும் பணமா? இல்லவே இல்லை. இங்கதான் ஆட்டமே இருக்கு.

ரப்பர் ஸ்டாம்ப் மாதிரி யோசிங்க

உங்கள் ஆபீஸில் ஒரு ரப்பர் ஸ்டாம்ப் இருக்குன்னு வெச்சுக்கோங்க. பேப்பரில் எழுத்து இரட்டையாக விழ இரண்டு காரணம் இருக்கலாம்.

ஒன்று, ஸ்டாம்ப்பைச் செய்யும்போதே அதில் எழுத்து இரட்டையாகச் செதுக்கப்பட்டுவிட்டது. அப்படியானால் அந்த ஸ்டாம்ப்பால் குத்தும் ஒவ்வொரு பேப்பரிலும் அதே இரட்டை எழுத்து, அதே இடத்தில், அதே அளவில் விழும்.

இரண்டு, ஸ்டாம்ப் சரியாகத்தான் இருக்கு. குத்தும்போது உங்கள் கை ஆடிவிட்டது. அந்த ஒரு பேப்பரில் மட்டும் எழுத்து இழுபட்டிருக்கும். அடுத்த பேப்பரில் வேறு மாதிரி இருக்கும், அல்லது சரியாகவே இருக்கும்.

முதல் வகைதான் டபுள் டை. சேகரிப்பாளர்கள் காசு கொடுப்பது இதற்குத்தான். இரண்டாவது வகைக்கு மெஷின் டபுளிங் என்று பெயர். அதற்குப் பெரும்பாலும் முகமதிப்புதான் விலை. ஒரு சென்ட் என்றால் ஒரு சென்ட்.

இப்போ காயினுக்கு வருவோம். காயின் அடிக்கும் இரும்பு அச்சுக்குப் பெயர் டை. அதில் படம் உள்வாங்கியபடி, இடவலம் மாறி இருக்கும். அந்த டையைச் செய்ய, காயின் மாதிரியே புடைப்பான படம் கொண்ட இன்னொரு அச்சு வேண்டும். அதன் பெயர் ஹப். ஹப்பை மழுங்கலான இரும்புத் துண்டின்மேல் அழுத்தினால் டை கிடைக்கும். பழைய முறையில் ஒரு அழுத்தத்தில் படம் முழு ஆழத்துக்குப் பதியாது. அழுத்த அழுத்த இரும்பு இறுகிவிடும். அதை எடுத்துச் சூடாக்கி இளக வைத்து, மறுபடி அதே ஹப்பால் அழுத்துவார்கள். இரண்டாவது முறை வைக்கும்போது ஒரு மயிரிழை திரும்பிவிட்டால்? டையிலேயே படம் இரண்டு தடவை பதிந்துவிடும். அந்த டையில் அடிக்கும் ஒவ்வொரு காயினிலும் இரட்டை எழுத்து வரும்.

1955-இல் நடந்ததும் இதுதான். முன்பக்கத்தில் ‘லிபர்டி’, ‘இன் காட் வி டிரஸ்ட்’, வருஷம் எல்லாமே வெறும் கண்ணுக்கே இரட்டையாகத் தெரியும். பின்பக்கம் வேறு டை என்பதால் அங்கே எந்தக் கோளாறும் இருக்காது.

1990-களின் பிற்பகுதியில் ஒரே அழுத்தத்தில் டை செய்யும் முறைக்கு அமெரிக்கா மாறியது. அதற்கப்புறம் டபுள் டை அறவே போய்விடவில்லை. ஆனால் 1955 மாதிரி பளிச்சென்று இருக்காது. காயினின் நடுப்பகுதியில் லென்ஸ் வைத்துத் தேடினால்தான் தெரியும்.

போலி இரட்டையைக் கண்டுபிடிக்க 5 சோதனை

இதற்கு வேண்டியது 10 மடங்கு பெரிதாக்கும் ஒரு லூப் லென்ஸ், ஒரு டேபிள் லேம்ப். லென்ஸ் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். நகைக்கடையில் பார்த்திருப்பீர்களே, அதேதான்.

1. எழுத்து தடித்திருக்கா, மெலிந்திருக்கா?
இதுதான் முதல் சோதனை, முக்கியமான சோதனையும் இதுதான். உண்மையான டபுள் டையில் எழுத்துக்கு மேல் இன்னொரு எழுத்து சேர்ந்திருக்கிறது. அதனால் எழுத்து வழக்கத்தைவிடத் தடித்து, அகலமாகத் தெரியும். மெஷின் டபுளிங்கில் காயின் அடித்து முடித்த நொடியில், தளர்வாக இருந்த டை லேசாக நகர்ந்து, ஏற்கெனவே எழும்பிய எழுத்தை ஒரு பக்கம் வழித்துவிடுகிறது. அதனால் எழுத்து மெலிந்து போகும்.

2. இரண்டாவது எழுத்து உருண்டையா, தட்டையா?
டபுள் டையில் இரண்டாவது உருவமும் முழு எழுத்து மாதிரி புடைத்து உருண்டையாக இருக்கும். மெஷின் டபுளிங்கில் அது மாடிப்படி மாதிரி, தாழ்ந்து தட்டையாக, பளபளவென்று இருக்கும். காயினைச் சாய்த்து லைட்டில் காட்டினால் அந்தப் படி மட்டும் தனியாக மின்னும்.

3. எழுத்தின் மூலையில் பிளவு இருக்கா?
எழுத்துகளின் முனையில் சின்னக் குறுக்குக் கோடு இருக்குமில்லையா? டபுள் டையில் அந்த முனை இரண்டாகப் பிரிந்து, நடுவில் ஒரு சின்ன வெட்டு தெரியும், மீன் வால் மாதிரி. மெஷின் டபுளிங்கில் இந்தப் பிளவு இருக்காது.

4. நாணயச் சாலைக் குறி இரட்டையா?
1969 சென்ட்டில் வருஷத்துக்குக் கீழே உள்ள ‘எஸ்’ என்பது சான் ஃபிரான்சிஸ்கோ நாணயச் சாலையின் குறி. அந்தக் காலத்தில் ஹப்பில் இந்தக் குறியே கிடையாது. டை தயாரான பிறகு, ஒரு தொழிலாளி கையால் சுத்தியல் கொண்டு அந்தக் குறியைத் தனியாக அடிப்பார். அப்படியென்றால் ஹப் திரும்பியதால் வந்த இரட்டை, ‘எஸ்’ எழுத்தைத் தொடவே முடியாது. 1969-எஸ் அசலில் வருஷமும் வாசகமும் இரட்டையாக இருக்கும். ‘எஸ்’ ஒற்றையாக இருக்கும். வருஷமும் ‘எஸ்’ஸும் ஒரே திசையில் இழுபட்டிருந்தால் அது காயின் அடிக்கும்போது நடந்த அசைவு. மெஷின் டபுளிங், கதை முடிந்தது.

ஒரு எச்சரிக்கை: 1990 வாக்கில் குறியையும் மூல அச்சிலேயே சேர்த்துவிட்டார்கள். அதனால் அதற்குப் பிந்தைய காயினுக்கு இந்தச் சோதனை செல்லாது. அதேபோல் வருஷம் ஒற்றையாக இருந்து குறி மட்டும் இரட்டையாக இருந்தால், அது குறியை இரண்டு தடவை அடித்ததால் வந்த வேறொரு ரகம்.

5. டை தேய்ந்துபோனதா?
ஒரு டை லட்சக்கணக்கில் காயின் அடிக்கும். தேயத் தேய எழுத்தின் ஓரம் கரைந்து, எழுத்தைச் சுற்றி மங்கலாக ஒரு நிழல் மாதிரி படரும். சுற்றியுள்ள சமதளமும் ஆரஞ்சுத் தோல் மாதிரி சொரசொரப்பாகிவிடும். இதுவும் டபுள் டை இல்லை.

இந்தக் கடைசி வகைக்கு ஒரு பிரபலமான உதாரணம் அதே 1955-இல் இருக்கு. சில 1955 சென்ட்டுகளில் கடைசி ‘5’ மட்டும் இரட்டை மாதிரி தெரியும். தேய்ந்த டையால் வந்தது. சேகரிப்பாளர்கள் இதை ‘ஏழையின் டபுள் டை’ என்று கிண்டலாகச் சொல்வார்கள். அசலுக்கு ஆயிரம் டாலர் வரிசை. இதற்கு ஒன்றிரண்டு டாலர் கிடைத்தால் பெரிது. இரண்டிலும் அதே வருஷம், அதே லிங்கன் முகம். ஏமாறுவதற்கு இதைவிட வசதி வேண்டுமா?

லென்ஸைவிட நல்ல ஆயுதம்: ஒப்பீடு

ஒரு டையில் அடித்த எல்லாக் காயினிலும் இரட்டை ஒரே மாதிரி இருக்கும் என்று சொன்னேன் இல்லையா? அதனால் அங்கீகரிக்கப்பட்ட ஒவ்வொரு டபுள் டைக்கும் படத்தோடு பதிவு இருக்கு. பிசிஜிஎஸ், என்ஜிசி என்ற இரண்டு அமெரிக்கத் தரச் சான்று நிறுவனங்களின் இணையதளத்திலும் படங்கள் இலவசம். பில் ஃபிவாஸ், ஜே.டி. ஸ்டான்டன் எழுதிய ‘செர்ரிபிக்கர்ஸ் கைடு’ என்ற நூல்தான் இந்தத் துறையின் கைப்புத்தகம். உங்கள் காயின் அந்தப் படத்தோடு ‘கிட்டத்தட்ட’ பொருந்தினால் போதாது. அச்சு அசலாகப் பொருந்த வேண்டும்.

இரட்டை மட்டுமல்ல, டையில் இருந்த சின்னக் கீறல்கூடக் காயினில் விழும். 1955 அசலின் பின்பக்கத்தில் ‘சென்ட்’ என்ற சொல்லின் கடைசி ‘டி’ எழுத்துத் தண்டுக்கு இடப்பக்கம் மெல்லிய கீறல்கள் இருக்கும். விலை உயர்ந்த காயின் என்பதால் 1955-க்குக் கள்ளக் காயினும் நிறைய. முன்பக்கத்தின் இரட்டையை மட்டும் பார்த்து மயங்காமல், அனுபவசாலிகள் காயினைத் திருப்பி இந்தக் கீறலைத் தேடுவார்கள்.

1969-க்கும் கள்ளக் காயின் வரலாறு உண்டு. பிலடெல்ஃபியா காயின் மாதிரி, ‘எஸ்’ இல்லாத போலி டபுள் டைகளைச் சிலர் செய்து விட்டார்கள். அதைத் தேடிப் போன அமெரிக்க சீக்ரெட் சர்வீஸ், ஆரம்பத்தில் சில அசல் 1969-எஸ் காயின்களையும் சேர்த்தே பறிமுதல் செய்தது. அரசாங்கமே குழம்பிய விஷயம் இது. ஒரு நிமிஷ ரீல்ஸ் பார்த்துவிட்டு நாம் நிபுணர் ஆகிவிட முடியாது.

வீட்டில் சென்ட் டப்பா இருக்கா? இதைச் செய்யுங்க

ஆன்சைட் போய் வந்தவர்கள் வீட்டில், உறவினர் அமெரிக்காவில் இருப்பவர்கள் வீட்டில், ஒரு டப்பா நிறைய சென்ட் கிடக்கும். மாற்றவும் முடியாது, தூக்கிப் போடவும் மனசு வராது. இந்த வார லீவில் அதைக் கொட்டி, கீழே உள்ளவற்றை மட்டும் தனியாக எடுத்து வையுங்கள்:

• 1955, குறி இல்லாதது: முன்பக்கம் முழுக்க இரட்டை
• 1969-எஸ்: வருஷமும் வாசகமும் இரட்டை, ‘எஸ்’ ஒற்றை
• 1972, குறி இல்லாதது: முன்பக்க வாசகமும் வருஷமும் தெளிவான இரட்டை
• 1983, குறி இல்லாதது: பின்பக்க வாசகங்கள் இரட்டை
• 1984, குறி இல்லாதது: லிங்கன் காதுக்குக் கீழே இன்னொரு காது மடல்
• 1995, குறி இல்லாதது: ‘லிபர்டி’, ‘இன் காட்’ இரட்டை

இதிலும் எல்லாம் லட்சம் இல்லை. 1972 நல்ல நிலையில் இருந்தால் சில நூறு டாலர். 1995 வந்தபோது அமெரிக்காவில் முதல் பக்கச் செய்தியானது. ஆனால் நிறையப் பேர் தேடி எடுத்து வைத்துவிட்டதால் இன்றைக்குச் சில பத்து டாலர்தான். அரிது என்பதற்கும் பிரபலம் என்பதற்கும் வித்தியாசம் இருக்கு.

ஒரு முக்கியமான விஷயம்: காயினைப் புளி, எலுமிச்சை, டூத்பேஸ்ட் போட்டுத் தேய்க்கவே கூடாது. பளபளப்பாக்குவதாக நினைத்து விலையில் பெரும்பகுதியை நீங்களே கழுவி ஊற்றிவிடுவீர்கள்.

இந்தத் தேடலில் உங்களுக்குச் செலவு லென்ஸ் மட்டும்தான். கிடைத்தால் லாபம், கிடைக்காவிட்டால் ஒரு ஞாயிற்றுக்கிழமை. இதுவரை எனக்கு ஆட்சேபனை இல்லை.

ஆனால் காசு கொடுத்து வாங்குவது முதலீடா?

இங்கதான் நான் பிரேக் போடுவேன். சான்றிதழோடு வந்த அசல் காயினாகவே இருக்கட்டும். ஒரு உதாரணக் கணக்கு போடுவோம்.

நீங்கள் 40,000 ரூபாய்க்கு ஒரு காயின் வாங்குகிறீர்கள். மறுநாளே விற்கப் போனால் டீலர் தன் லாபத்தைக் கழித்துக்கொண்டு 25% குறைவாகக் கேட்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கையில் 30,000. போட்ட 40,000-ஐ எடுக்கவே காயின் விலை 33% ஏற வேண்டும். வருஷத்துக்கு 7% ஏறினாலும் அதற்கு நாலு வருஷத்துக்கு மேல் ஆகும். நாலு வருஷம் காத்திருந்து நீங்கள் சம்பாதித்தது பூஜ்யம். இதில் கூரியர், இன்ஷூரன்ஸ், சான்றிதழ் கட்டணம் எதுவும் சேர்க்கவில்லை.

காயின் வட்டி தராது, டிவிடெண்ட் தராது. ராத்திரி 11 மணிக்கு ஆஸ்பத்திரியில் அட்வான்ஸ் கட்டச் சொன்னால் காயினை நீட்ட முடியாது. அதனால் என் விதி இதுதான்: எமர்ஜென்சி ஃபண்ட், ஹெல்த் இன்ஷூரன்ஸ், மாத எஸ்ஐபி மூன்றும் ஓடிக்கொண்டிருந்தால், சினிமாவுக்கும் ஹோட்டலுக்கும் ஒதுக்கும் பணத்திலிருந்து காயின் வாங்குங்கள். அது பொழுதுபோக்கு. போனாலும் தூக்கம் கெடாத தொகை. முதலீட்டுக் கணக்கில் அதை எழுதாதீர்கள்.

வாங்குவதாக இருந்தால் சான்று பெற்ற, சீல் வைத்த பெட்டியில் உள்ள காயினாகப் பாருங்கள். பெட்டியில் உள்ள எண்ணை அந்த நிறுவனத்தின் இணையதளத்தில் போட்டுப் பாருங்கள். எண்ணைக்கூடக் காப்பி அடிப்பார்கள் என்பதால், அங்கே போட்டோ இருந்தால் அதோடு உங்கள் காயினின் கீறல், கறை ஒவ்வொன்றையும் ஒப்பிடுங்கள்.

விற்கப் போகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை

வாங்குவதில் மட்டுமல்ல, விற்பதிலும் வலை விரித்திருக்கிறார்கள். “உங்க வைஷ்ணோ தேவி 5 ரூபாய் காயினை 10 லட்சத்துக்கு வாங்கறோம், ரிசர்வ் பேங்க் அனுமதி வாங்க பிராசஸிங் ஃபீஸ் மட்டும் முதல்ல கட்டுங்க” என்று ஃபோன் வரும். கட்டினால் அடுத்தது ஜிஎஸ்டி, அதற்கடுத்தது கமிஷன். கடைசியில் ஃபோன் ஸ்விட்ச் ஆஃப்.

2021 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கியே இதுபற்றி எச்சரித்தது. பழைய நோட்டு, காயின் வாங்கும் விற்கும் வேலையில் தாங்கள் ஈடுபடுவதில்லை, அதற்காக யாரிடமும் கட்டணமோ கமிஷனோ கேட்பதில்லை, தங்கள் சார்பில் வசூலிக்க யாருக்கும் அதிகாரம் கொடுக்கவும் இல்லை என்று தெளிவாகச் சொல்லிவிட்டது. காசு கொடுக்க வேண்டியவன் உங்களிடம் காசு கேட்டால், அங்கேயே ஃபோனை வைத்துவிடலாம்.

அந்தத் தம்பியின் காயின் என்ன ஆச்சு?

முதல் போட்டோவிலேயே வருஷம் இரட்டையாகத் தெரிந்தது உண்மை. ஆனால் எழுத்து மெலிந்திருந்தது. இரண்டாவது உருவம் தட்டையாக, படி மாதிரி மின்னியது. முனைகளில் பிளவு இல்லை. மூன்றாவது போட்டோவைப் பெரிதாக்கினால், ‘எஸ்’ எழுத்தும் வருஷமும் ஒரே பக்கம் இழுபட்டிருந்தன. மெஷின் டபுளிங். கள்ளக் காயின்கூட இல்லை. அசலான ஒரு சென்ட், விலையும் ஒரு சென்ட்தான்.

தம்பியிடம் இதையெல்லாம் சொல்லிவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டேன். “20 லட்சம் பெறும் காயினை ஒருத்தர் ஏன் உங்களுக்கு 18,500-க்குத் தரணும்?” கொஞ்ச நேரம் டைப்பிங் என்று காட்டிக்கொண்டே இருந்தது. பிறகு வந்த பதில்: “அவருக்கு அதோட மதிப்பு தெரியலைன்னு நினைச்சேன் அண்ணா.”

நம்மில் பலர் விழுவது இங்கேதான். விற்கிறவனுக்குத் தெரியாதது நமக்குத் தெரிந்துவிட்டது என்ற அந்த நினைப்பில். லிஸ்டிங்கிலேயே ‘1969-எஸ் டபுள் டை’ என்று எழுதியவருக்கு மதிப்பு தெரியாமலா இருக்கும்?

ஆறாவது நாள் ரிட்டர்ன் போட்டார். விற்றவர் முதலில் மழுப்பினார். சோதனைப் படங்களை வரிசையாக அனுப்பியதும் ஒத்துக்கொண்டார். இரண்டு வாரம் கழித்துப் பணம் வந்தது, கூரியர் செலவு போக. டெபாசிட்டை மறுபடி ஆரம்பித்துவிட்டார்.

லென்ஸ் மட்டும் ஒன்று வாங்கியிருக்கிறாராம். அவர் சித்தப்பா அமெரிக்காவிலிருந்து வரும்போது கொண்டுவந்த ஒரு டப்பா சென்ட் வீட்டில் கிடக்குதாம். “ஞாயித்துக்கிழமை பார்க்கப் போறேன் அண்ணா, ஃப்ரீதானே” என்றார்.

தாராளமா பாருங்க தம்பி. ‘எஸ்’ ஒற்றையாக இருந்தால் எனக்கு முதல் போட்டோ அனுப்புங்க.

இந்த 5 சோதனையையும் லென்ஸ் வழியாக நேரில் காட்டும் வீடியோவை நம்ம சேனலில் போடப் போறோம். அதுவரைக்கும் காயின் விஷயமாக யாராவது உங்களிடம் அட்வான்ஸ் கேட்டால், இந்தப் பதிவை அவங்களுக்கு அனுப்பி வையுங்க. மறுபடி ஃபோன் வராது!